கருதலளவையும் கொலைத்தண்டமும்

மலையின்கட் புகையைக் கண்டு ஆண்டு நெருப்புண்டென்று துணிதல், கருதலளவைக்கு எடுத்துக்காட்டாகத் தருக்க நூலார் யாவரும் வழங்குவது. ஓதியும் ஓதுவித்தும் பழகிப்போன இவ்வெடுத்துக்காட்டின்மேல் ஒருவனுடைய வாழ்வுஞ் சாவுந் தொங்கி நிற்றலும் உண்டென்பதை யாம் அண்மையிலேதான் நன்குணர்ந்தோம். எம்மிடஞ் சிவஞானசித்தியாரின் அளவைப் பகுதியைப் பாடங்கேட்டு வரும் அன்பரொருவர், குற்ற வழக்குகளிற் குற்றஞ்சாட்டப்பெற்றார் பக்கல் நின்று வாதாடும் வழக்கறிஞர். பாடம் முடிந்த ஒருநாள் மாலை அவர் எம்மை வினாவியது இது:

'கொடுங்குற்றஞ் செய்தானென்று உலகஞ் சொல்லும் ஒருவனுக்காக நின்று, அரசு கொணருஞ் சான்றுகளை ஐயுற்று வினாவி, அவன் பெறவிருக்குந் தண்டத்தைத் தடுக்கவுங் குறைக்கவும் முயலுதல் சிவநெறி நிற்பார்க்கு அடுக்குமோ? அவனவன் வினைப்பயனை அவனவன் நுகர்தற்கு அடியேன் இடையூறாகின்றேனோ?'

தம் இல்லத்துப் பெரியோரே இதனைத் தம்மை நோக்கி எழுப்புகின்றனரென்றும், விடை காணாது வாளா இருந்து வருவதாகவுங் கூறி, அமெரிக்க நாட்டு வழக்கொன்றின் வரலாற்றையும் எமக்கு விரித்துரைத்தார். வினாவிற்குரிய விடை பெரும்பான்மையும் அவ்வரலாற்றினுள்ளேயே அடங்கிக் கிடத்தலின், அதனை முதற்கண் கூறுவாம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சார்ந்த டெக்சாஸ் மாநிலத்தில் கார்சிகானா என்பது ஓர் ஊர். ஆண்டு 1991-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாட் காலையில் மரத்தாலியன்ற சிறு வீடொன்று தீப்பற்றி எரிந்தது. உள்ளேயிருந்த பெண்மகவுகள் மூவர் உயிரிழந்தனர். ஒருத்தி இரண்டு வயதினள், மற்றிருவரும் ஒரு வயதினராகிய இரட்டையர். தாய் அப்பொழுது வெளியே சென்றிருந்தாள். தந்தையாகிய காமெரான் டாட் வில்லிங்காம் என்னும் 23 வயதினர் மட்டும் வெளியே வந்து உயிர்தப்பினார். தீயின் காரணத்தை ஆராயப் புகுந்த அதிகாரிகள், நீர்மம் சிந்தி எரிந்தாற்போலத் தரையிற் கரிந்து கிடந்த தடங்களையும், சாளரக் கண்ணாடியிற் சிலந்திவலைபோற் பின்னியோடிய வெடிப்புக்களையும், சுவரின் அடியளவில் தாழ எரிந்த குறிகளையும், இவைபோல்வன பிறவுமாக இருபதுக்கு மேற்பட்ட அடையாளங்களைக் கண்டு, இத்தீ எரியெண்ணெய் ஊற்றி வேண்டுமென்றே இடப்பட்டதெனத் துணிந்தனர். வீட்டிலிருந்து உயிரோடு வந்தவர் தந்தை ஒருவரேயாகலின் இட்டவரும் அவரே என முடிந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டு மாதம் வழக்கு நடந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் உயிர்தப்பி ஆயுட்சிறையோடு போகலாமென்று அரசுத் தரப்பார் முன்னரே கூறியிருந்தும், தாம் செய்யாததைச் செய்ததாகச் சொல்ல வில்லிங்காம் உடன்படவில்லை. விசாரணை இரண்டு நாள் நடந்தது. ஜூரிமார் தம்முட் கலந்து முடிவு செய்தற்கு ஒருமணி நேரமே கொண்டனர். அம்முடிவின் பயனாய்க் கொலைத்தண்டம் விதிக்கப்பட்டது.

விசாரணையின்கண் அவ்வதிகாரிகளுள் ஒருவர் கூறியதன் கருத்து உற்றுநோக்கற்பாலது. தீ தன் கதையைத் தானே சொல்லுமென்றும், தாம் அதனைப் பெயர்த்துரைப்பவர் மாத்திரமே என்றும், தீ பொய் சொல்லாதென்றும் அவர் சான்றுரைத்தார். கேட்போர் நெஞ்சைக் கவரும் இக்கூற்றின்கண் அளவை நூலறிவார் காணும் வழு ஒன்றுளது. தீ பொய் சொல்லாதென்பது உண்மையே. ஆயின் அது மெய்யுஞ் சொல்லாது. சடப்பொருள் யாதொன்றுஞ் சொல்லுவதன்று. அறிவுடைய ஒருவனே அதனைக் கண்டு சொல்லுகின்றான். கரிந்த தரை காட்சிக்குப் புலனாயது. 'ஈண்டு ஒருவன் எண்ணெய் ஊற்றினான்' என்பதோ காட்சிக்குப் புலனாயதன்று, கருதலாற் கொள்ளப்பட்டது. அங்ஙனங் கருதலாற் கொண்டதனைக் காட்சியேபோல வழங்கி, தம்முடைய துணிபென்னாது தீயின் வாக்கென ஏற்றியுரைத்தமையால், அதனை இடைமறித்து வினாவுதற்கே இடமில்லையாயிற்று. மனிதன் சொல்லாயின் 'நீர் எங்ஙனம் அறிந்தீர்?' என்று கேட்கலாம். தீயின் சொல்லை யார் கேட்பது!

இனி அக்கருதல்தான் வழுவற்றதோ எனின், காரியத்தை ஏதுவாகக் கொண்டு காரணத்தைத் துணியுமிடத்து, அக்காரியம் அக்காரணத்தானன்றிப் பிறிதொன்றாற் பிறவாதென்னும் வியாத்தி நிலைபெற்றிருத்தல் வேண்டுமென்பது நம்மனோர் அனைவர்க்கும் ஒப்பமுடிந்தது. புகைக்கும் நெருப்பிற்குமுள்ள தொடர்பு, அடுக்களையாகிய நிகர்பக்கத்தில் இரண்டும் உடனிருத்தல் கண்டும், நீர்மடுவாகிய நிகரில்பக்கத்தில் இரண்டும் இல்லாமை கண்டும் உறுதிப்பட்டது. கரிந்த தடத்திற்கும் ஊற்றிய எண்ணெய்க்குமுள்ள தொடர்பு எங்கே, யாரால் உறுதிப்பட்டது? மூத்தோர் சொல்ல இளையோர் கேட்டுத் தொழிலிற் பழகிவந்த வழக்கேயன்றி வேறு ஆதாரம் அதற்கில்லை. இத்தகைய பழக்கத்தில் ஒரு கண்கட்டு உண்டு. 'எண்ணெய் ஊற்றிய வீடுகள் நூற்றில் இத்தடம் கண்டேன்' என்பார் ஓர் அதிகாரி. அவ்வீடுகளில் எண்ணெய் ஊற்றப்பட்டதென்று அவர் எங்ஙனம் அறிந்தார்? அத்தடத்தைக் கண்டே அறிந்தார். அங்ஙனமாயின் அது நிகர்பக்கமும் அன்று. துணிய வேண்டியதனையே துணிதற்கு ஏதுவாக்கியதாம். நிகரில்பக்கமோ, எண்ணெய் ஊற்றாத வீடொன்றை எரித்துப் பார்த்தாலன்றி ஒருகாலும் எதிர்ப்படுவதன்று. நாற்பதாண்டு அனுபவம் என்பது இவ்விடத்து நாற்பதாண்டும் ஒரே பிழையைப் பயின்றமையாகவும் இருத்தல் கூடும்.

எரித்துப் பார்த்தாரும் உளர். 1990-ஆம் ஆண்டு புளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில் நகரில் ஆறு பேர் மாண்ட ஒரு தீ நிகழ்ச்சியில், வீட்டுக்குரியவனே எண்ணெய் ஊற்றித் தீயிட்டான் என்று குற்றஞ்சாட்டப்பட்டது. அவன்மீது வழக்குத் தொடுத்த அரசுத் தரப்பாரே தங் கோளை உறுதிப்படுத்த விரும்பி, தீயாராய்ச்சி வல்லுநரைக் கொண்டு, அதே தெருவில் அதனையொத்த வீடொன்றிற்கு அத்தகைய தட்டுமுட்டுக்களை இட்டு, எண்ணெய் ஒருதுளியும் சிந்தாது, இருக்கையொன்றில் மட்டுந் தீவைத்துப் பார்த்தனர். அறையின் மேற்பாகத்தில் திரண்ட கொடுஞ் சூட்டுப்புகையின் வெம்மையால் அறையிலுள்ள பொருளனைத்தும் ஒருங்கே பற்றிக்கொள்ளும் நிலை ஐந்து நிமிடத்திற்குள்ளே வந்துவிட்டது. அங்ஙனம் பற்றியபின் தரையும் எரிந்தது. எரிந்த தரையில், எண்ணெய் ஊற்றினாலன்றி வாரா என்று கருதப்பட்ட தடங்களே காணப்பட்டன. வழக்கு கைவிடப்பட்டது. தங் கோளுக்கு மாறாக முடிந்த சோதனையை மறையாது ஏற்றுக்கொண்ட அவ்வரசுத் தரப்பாரை யாம் பாராட்டாதிருத்தல் இயலாது.

கண்ணாடியின் கதையும் அதுவே. சிலந்திவலை வெடிப்பு, எண்ணெய்த்தீயின் விரைந்த சூட்டால் உண்டாவதென்பது பழைய கோள். 1991-ஆம் ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியா மாநிலத்து ஓக்லாந்துக் குன்றுகளிற் பரவிய காட்டுத்தீயால் எரிந்த வீடுகளை ஆராய்ந்தவர்கள், எவரும் எண்ணெய் ஊற்றாத அவ்வீடுகள் சிலவற்றிலும் அவ்வெடிப்பைக் கண்டனர். பின்னர்ச் சோதனைச் சாலையிற் செய்து பார்த்தபொழுது, விரைந்த சூடு அதனை உண்டாக்கவில்லை. சூடேறிய கண்ணாடிமேல் நீர் தெளித்தபொழுதே அஃது உண்டாயிற்று. அஃதாவது, தீயிட்டவன் கைவண்ணமென்று காட்டப்பட்டது தீயணைக்க வந்தவர் தெளித்த நீரின் செயலாகவும் இருக்கலாம்! அந்நாட்டுத் தேசியத் தீத்தடுப்புக் கழகத்தார் 921 என்னும் எண்ணிட்டு வெளியிட்ட வழிகாட்டி நூல், துணிபு ஒவ்வொன்றும் சோதித்துக் கொள்ளப்படல் வேண்டுமென்று வற்புறுத்துவது. அதன் முதற்பதிப்பு வெளிவந்தது 1992-ஆம் ஆண்டு, வில்லிங்காமின் விசாரணை நடந்த அதே ஆண்டு. தொழிலோர் பலர் அதனை ஏற்கப் பல்லாண்டு சென்றன.

கருதல் வழுவியபொழுது காட்சியும் அதனால் மாசுபடுதலை இவ்வழக்கிற் காணலாம். தீ நிகழ்ந்த அன்று, தந்தை அலறித் துடித்தாரென்று அயலார் சிலர் கூறினர். தீ இடப்பட்டதென்னும் அதிகாரிகளின் துணிபு ஊரிற் பரவியபின், அவ்வயலாருட் சிலர் கூற்றே மாறியது. அவர் துயரம் நடிப்பென்றும், மகவுகளினும் தம் ஊர்தியையே அவர் பெரிதும் பேணினாரென்றும் வந்தது. இவர்கள் பொய்யரென்று யாம் கூறோம். இப்பியை வெள்ளியென்று முன்னரே துணிந்தான் கண்ணுக்கு அதன் ஒளி வெள்ளியொளியாகவே தோன்றும். இனி உரையளவை என்னும் பெயரால் வந்தது, சிறையிலிருந்த பிறிதொரு கைதி, வில்லிங்காம் தன்னிடம் குற்றத்தை ஒப்பினார் என்று கூறிய சான்று. ஆப்தன் இலக்கணம் இன்னதென்று அறிந்தார்க்கு இதனைப்பற்றி யாம் விரித்துரைக்க வேண்டுவதின்று.

வில்லிங்காம் நற்குணமுடையாரென்று நாட்டுதல் எம் கருத்தன்று. மனைவியை அடித்தவரென்று அவர்மேற் குறையுண்டு. அவர் தீயிடவில்லை யென்பது மெய்ப்பிக்கப்பட்டதென்றும் யாம் சொல்லவில்லை. இட்டாரென்பதற்குக் காட்டிய ஏதுக்கள் ஏதுப்போலிகளென்பதே யாம் சொல்லுவது. இவ்விரண்டன் வேறுபாட்டை உணராதாரே, சான்றை மறுக்கும் வழக்கறிஞரைக் குற்றத்திற்குத் துணைபோவாரென்று பழிப்பர்.

இவ்வளவும் குற்றந்துணிந்த பகுதி. தண்டந்துணிந்த பகுதி இதனினும் கொடிது. எமக்கு உறக்கங் கெடுத்தது அதுவே. டெக்சாஸ் மாநிலச் சட்டப்படி ஒருவனைக் கொல்லும்படி விதிக்க வேண்டுமாயின், அவன் இனியுங் கொடுஞ்செயல் செய்து மக்கட்கு இடராவான் என்று ஜூரிமார் துணிதல் வேண்டும். இறந்த காலத்துச் செயலைத் தடயங்கொண்டு துணிவதே அரிதாயிருக்க, எதிர்காலத்து ஓருயிர் யாது செய்யுமென்பதைத் துணிவது எவ்வளவையால்? இதற்கெனச் சான்றுரைக்க மனநோய் மருத்துவர் அழைக்கப்படுவர். இவ்வழக்கில் வந்த மருத்துவர், வில்லிங்காம் மனச்சான்று அற்றாருள் மிகக் கொடிய வகையினரென்றும், அவரைத் திருத்தும் மருந்து ஒன்றும் இல்லையென்றும் கூறினார். இதேபோன்ற கூற்றுக்களைக் கொலைத்தண்ட வழக்குகள் பலவற்றிற் கூறியவர் அவர். நோயாளரை நேரில் ஆராயாமலே நோயைத் துணிந்ததற்கும், நூற்றுக்கு நூறு உறுதியாக எதிர்காலத்தை உரைத்ததற்குமாக 1995-ஆம் ஆண்டில் அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கத்தார் அவரைத் தங் கூட்டத்தினின்றும் நீக்கினர். அச்சங்கத்தார் அதற்கு முன்னரே, 1983-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கில், நெடுங்காலத்திற்குப் பின் நிகழ்வதைப்பற்றிய இத்தகைய முன்னுரைகள் மூன்றில் இரண்டு தவறுவனவென்று தாமே விண்ணப்பித்திருந்தனர். நீதிமன்றம் அதனைக் கேட்டும், அம்முன்னுரைகளைச் சான்றாகக் கொள்ளுதல் தகுமென்றே தீர்த்தது. மூன்றில் இரண்டு தவறும் துலாக்கோலை எந்த வணிகனாவது கடையில் வைத்திருப்பானா?

சித்தாந்தம் பயின்றார்க்கு இம்மருத்துவர் கூற்று அளவை வழுவுடன் நில்லாது, பொருள்வழுவும் ஆதல் விளங்கும். உயிர் மலத்தால் மறைப்புண்டதேயன்றி இயல்பால் தீயதன்று. மலம் பரிபாகமுறாத உயிர் ஒன்றேனும் என்றும் அங்ஙனமே நிற்குமென்று நம் ஆசிரியர் யாருங் கூறிற்றிலர். எப்பொழுது பரிபாகமுறுமென்பது முற்றுணர்வினனாகிய இறைவனொருவனே அறிவது. 'இவனுக்கு மருந்தில்லை' என்று ஒருவர் கூலிபெற்றுக்கொண்டு மன்றத்தில் துணிந்துரைப்பது, இறைவன் அறிவைத் தமதாக ஏறட்டுக்கொள்வதாம். தண்டம் என்பதும் நம் நூல்களில் மறக்கருணையின் பாற்பட்டது. தந்தை மகனை ஒறுத்தல் போலவும், மருத்துவன் புண்ணை அறுத்துச் சுடுதல் போலவும், ஒறுக்கப்பட்டானது நன்மை கருதியது. அறுக்கும் மருத்துவன் நோயை அறிந்தே அறுத்தல் வேண்டும். அறுத்தபின் தவறென்று கண்டால் ஆற்றுதற்கு உடம்பேனும் எஞ்சுதல் வேண்டும். ஆயுள் முழுதும் அடைத்து மீள வழியே இல்லாதாக்கும் தண்டமும், உயிரையே போக்குந் தண்டமும் இவ்விரண்டு கட்டளைக்கும் புறம்பாவன. கொலைத்தண்டம் எக்காலத்தும் ஆகாதென்று நம் முன்னோர் யாவரும் ஒருமுகமாய்க் கூறினரென்று யாம் சாதிக்கவில்லை. அரச நீதியிற் கொலைத்தண்டத்திற்கு இடங்கொடுத்தாரும் உளர். அவர்கள் கூறிய அரசன் சான்றுகளைத் தானே நாடி ஆராய்பவன் என்பதை மட்டும் நினைவூட்டுகின்றோம். ஆராயாத பாண்டியனுக்கு நேர்ந்தது சிலப்பதிகாரத்தில் உண்டு. பொற்கொல்லன் தன் தொழிலில் வல்லவன், அரண்மனைக்கு வேண்டியவன். சிலம்பைப்பற்றி அவன் சொல் செல்லுபடியாயிற்று. சிலம்பை உடைத்து உள்ளே மாணிக்கமோ முத்தோ என்று பார்த்தது கோவலன் வெட்டுண்ட பின்னரே.

வில்லிங்காம் பன்னிரண்டு ஆண்டு கொலைத்தண்டச் சிறையில் இருந்தார். 2004-ஆம் ஆண்டு தொடக்கத்தில், தீயாராய்ச்சியில் வல்ல ஜெரால்டு ஹர்ஸ்டு என்னும் அறிவியலறிஞர் ஊதியம் பெறாது அவ்வழக்கின் ஏடுகளை ஆராய்ந்து, இருபதுக்கு மேற்பட்ட அவ்வடையாளங்களுள் ஒன்றே ஒன்றற்கே ஓரளவு பொருளுண்டாகலாமென்று எழுதினார். அஃது, வாயிற்படியருகே எரியெண்ணெயின் சுவடு சோதனையிற் கண்டமை; அம்முன்றிலில் ஊன் சுடும் கரியடுப்பும் அதனை மூட்டும் எண்ணெய்க் கலமும் இருந்தனவென்பது ஏடுகளாலேயே தெரியவருவது. அவர் அறிக்கை மாநில மன்னிப்புக் கழகத்திற்கும் ஆளுநர்க்கும் அனுப்பப்பட்டது. பயனில்லை. 2004 பிப்ரவரி 17-ஆம் நாள் 36-ஆம் வயதில் நச்சுமருந்தை ஊசியாலேற்றி அவரைக் கொன்றனர். அதே ஆண்டு அக்டோபரில், அதே மாநிலத்தில், 1986-ஆம் ஆண்டு ஈராயன் என்னும் ஊரில் இரு பெண்டிர் மாண்ட தீயை இட்டாரென்று இத்தகைய தடங்களைக் கொண்டே கொலைத்தண்டம் பெற்று 17 ஆண்டு சிறையிலிருந்த எர்னஸ்டு வில்லிஸ் என்பார், அத்தடங்கள் பொருளற்றவையென்று ஆராய்ந்து கண்டபின் விடுதலை பெற்றார். அவ்வழக்கையும் ஆராய்ந்தவர் ஹர்ஸ்டே. தடம் ஒன்று, வியாத்தி ஒன்று, மறுப்பும் ஒன்று. ஒருவர் இல்லஞ் சென்றார், ஒருவர் எட்டுத் திங்கள் முன்னரே சுடுகாடு சென்றார். 2009-ஆம் ஆண்டில் டெக்சாஸ் தடய அறிவியல் ஆணையத்தார் வேண்டிக்கொண்டபடி கிரெய்க் பெய்லர் என்னும் வல்லுநர் கார்சிகானா வழக்கை ஆராய்ந்து, தீ இடப்பட்டதென்பதற்கு அறிவியலடிப்படை இல்லையென்றும், அவ்வதிகாரி துணிந்த முறை குறிசொல்வார் முறையை ஒத்ததென்றும் எழுதினார்.

இவ்விழுக்கு தீயாராய்ச்சி ஒன்றற்கே உரியதென்று எண்ணற்க. அந்நாட்டுத் தேசிய அறிவியற் கழகத்தார் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, மரபணுச் சோதனை ஒன்றொழிய ஏனைத் தடயமுறை எதுவும் ஒரு தடயத்தை இன்ன மனிதனுடையதே என்று உறுதியாகப் பொருத்தவல்லதென்று செவ்வையாக நிறுவப்படவில்லையெனக் கூறிற்று. நடுவண் புலனாய்வுத் துறையினர் 2015-ஆம் ஆண்டு தம் பழைய மயிரொப்பீட்டுச் சான்றுகளைத் திரும்ப நோக்கியபொழுது, குற்றவாளிக்கு எதிராகக் கூறப்பட்ட 268 வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்திற்கு மேற்பட்டவற்றில் தங்கள் நிபுணர் வழுவுரை பகர்ந்திருந்தமை கண்டனர். அவற்றுட் கொலைத்தண்டம் விதிக்கப்பட்ட வழக்குகள் 35. வழுவுரை கண்டவை 33. அவருள் ஒன்பதின்மர் ஏற்கெனவே கொல்லப்பட்டிருந்தனர். கைரேகையைப் பற்றியும் பெருமிதங்கொள்ள இடமில்லை. 2004-ஆம் ஆண்டு மாட்ரிட் நகரத்து இருப்பூர்தி வெடிகுண்டு நிகழ்ச்சியிற் கிட்டிய ரேகையை ஒரேகான் மாநிலத்து வழக்கறிஞர் ஒருவருடையதென அத்துறையினர் ஐயமறத் துணிந்து அவரைச் சிறைப்படுத்த, ஸ்பெயின் நாட்டுக் காவலர் அது வேறொருவனுடையதென்று கண்டனர்.

இனி அன்பரின் வினாவிற்கு வருவாம். அவர் இல்லத்துப் பெரியோர் கூறுவது, 'குற்றமற்றவன் தண்டம் பெறினும் அது அவன் பிராரத்தம். விதித்தவர்பால் தவறில்லை, தடுப்பார்பால் நன்மையுமில்லை' என்பது. இது மிகையாகச் செல்லும் வாதம். கொல்லப்பட்டவன் தன் பிராரத்தத்தாலேயே இறந்தானென்று கொலைகாரனுக்கும் அதே விடையைச் சொல்லலாமன்றோ? சொன்னால் தண்டநூலே வேண்டாவாம். தண்டத்தைக் காக்கவந்த வாதம் தண்டத்தையே அழித்துவிடும். வினைப்பயனைக் கூட்டுவிப்பவன் இறைவன்; அதற்குக் கருவியாய் நின்றவன் அறிந்து செய்தானோ, ஆராயாது செய்தானோ, அவன் செயல் அவனுக்கு ஆகாமியமாய் ஏறும். நீதிபதியும், சான்றுரைத்த நிபுணரும், ஒருமணி நேரத்தில் எழுந்த ஜூரிமாரும் இதற்கு விலக்கல்லர். தம் கடமையிற் சோர்ந்த வழக்கறிஞரும் விலக்கல்லர். வில்லிங்காமின் விசாரணையில் அவர் பக்கத்து வழக்கறிஞர் தேடிய தீ வல்லுநர் ஒருவர் அரசுத் தரப்பின் கோளையே ஒத்துரைத்தாராக, அவ்வளவில் நின்றுவிட்டனர்.

'ஐயம் காட்சிக் குற்றங்களுள் ஒன்றன்றோ. அதனை எழுப்புவது எங்ஙனம் நன்றாகும்?' எனின், ஐயமுங் குற்றமே, திரிபும் குற்றமே. ஆயின் இரண்டும் ஒருதன்மையனவல்ல. குற்றியோ மகனோ என்று ஐயுற்றான் அணுகிச் சென்று பார்ப்பான். குற்றியை மகனென்று திரியக்கொண்டான் பாராது அம்பெய்வான். ஐயம் தன்னைத் தானே குறையென்று அறிந்து ஆராய்ச்சியைத் தேடுவது; திரிபு தன்னைத் தெளிவென்றே நம்பி நிற்பது. மன்றத்தில் ஐயத்தை எழுப்புவார் தெளிவைக் கெடுப்பாரல்லர், தெளிவுபோன்றதனைக் கெடுக்கின்றார்.

இதற்குத் தக்க மேற்கோள் தொலைவில் இல்லை. பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணமே உள்ளது. திருவெண்ணெய்நல்லூர்ச் சபையின்முன் வழக்குரைக்க வந்தவர் முதியவராய் வந்த இறைவரே. சபையோர் அவர் தோற்றத்தையும் மூப்பையுங் கண்டு வாய்மொழியை அப்படியே ஏற்றனரோ? இல்லை. அந்தணர் வேறோர் அந்தணர்க்கு அடிமையாதல் யாண்டுங் கேட்டதில்லையென்று மறுத்து, ஆட்சியேனும் ஆவணமேனும் அயலார் சான்றேனும் காட்டுக என்றனர். கிழிக்கப்பட்டது படியோலையென்றும் மூலவோலை தம்மிடமுளதென்றும் அவர் கூற, அதனை வருவித்துப் படித்து, சான்றிட்டோர் கையெழுத்தை ஓர்ந்து, நம்பியாரூரருடைய பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து கொணர்வித்து எழுத்தோடு எழுத்தை ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்பளித்தனர். தடயவொப்பீட்டிற்கு இதனிற் சிறந்த முறையுண்டோ? ஐயமற அறிந்த மாதிரி கையில் இருந்தது. அதனோடு ஐயப்பட்டது ஒப்பிடப்பட்டது. யாவருங் காண ஒப்பிடப்பட்டது. முற்றுணர்ந்த இறைவரே அச்சோதனைக்கு உடன்பட்டு நின்றார். சபையோர் கேட்டதனை அவமதிப்பென்று அவர் சினக்கவுமில்லை. அவர்களை இறைவர்க்கு எதிர்நின்றாரென்று சேக்கிழார் பழிக்கவுமில்லை. அங்ஙனமிருக்க, அரசுத் தரப்பு நிபுணரை 'எதனால் அறிந்தீர்?' என்று கேட்கும் வழக்கறிஞர் யாருக்கு என்ன குறை செய்தார்?

2013-ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலத்தார், விசாரணையிற் கொள்ளப்பட்ட அறிவியற் சான்று பின்னர்ப் பொய்ப்படினும், அப்பொழுது கிட்டாத அறிவியற் சான்று பின்னர்க் கிட்டினும், தண்டம் பெற்றவர் மீளவும் நீதிமன்றத்தை அணுகற்கு வழிசெய்து ஒரு சட்டம் இயற்றினர். அஃது உயிரோடிருப்பார்க்கே பயன்படுவது.

இவற்றையெல்லாம் யாம் கூறக் கேட்டுச் சென்ற அன்பர், அடுத்த வாரம் பாடத்திற்கு வந்தபொழுது, தம் கையிலுள்ள வழக்கொன்றின் நிபுணர் அறிக்கையைப் பெயர்களை மறைத்துக்கொண்டு வந்திருந்தார். அதன்கண் நிபுணர் துணிந்த துணிபுகள் எட்டு. ஒவ்வொன்றன் எதிரேயும் ஓரத்தில் 'நிகரில்பக்கம்?' என்று கரிக்கோலால் எழுதியிருந்தார். அறிக்கையிலிருந்தே அதற்கு விடை எடுத்தெழுத முடிந்தது ஓரிடத்தில் மட்டும்.